இல்லாத இயந்திரத்துக்கு ஒரு ஜெனரேட்டர்

ஓட்டோவின் பின் இருக்கையிலிருந்து ஜெனரேட்டரை இறக்கி வீட்டுக் கேற்றடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். முதுகு பிடித்திருந்தது. சட்டையெல்லாம் பெற்றோல் மணம். வைகாசி வெயிலில் கல்லடியில் எங்கள் வீட்டுத் தெருவான மணல் ஒழுங்கை செருப்பையும் தாண்டிச் சுட்டது. ஆனாலும் மனதுக்குள் ஒரு துள்ளல். நான் செய்யவே மாட்டேன் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டு வந்திருந்தேன்.

மச்சாள் தர்ஷினி வாசலில் நின்றாள். கையில் போன். தலை வாராத கோலம். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு ஜெனரேட்டரைப் பார்த்தாள்.

"அத்தான், இத ஏன் கொண்டு வந்தீங்க?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கரண்ட் இல்லாமலே இரிந்திரிந்தா நான் தப்பியிரிப்பன்," என்றாள்.

என் சிரிப்பு பாதியில் நின்றது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் ஜெனரேட்டரின் மூடியைத் திறந்து பெற்றோல் இருக்கிறதா என்று பார்த்தேன். இருப்பது எனக்குத் தெரியும். நானே ஊற்றியது.

டொக், டொக்

இந்தப் பக்கத்தை இந்த வாரம்தான் முதன்முதலாகப் படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் சவுண்ட்காரன். கோயில் சடங்கு, கல்யாணம், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர், மைக், பல்ப் மாலை, ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுப்பவன்.

சாதாரண தரம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை படித்தேன். அதற்கு மேல் படிக்காததற்கு வறுமை காரணம் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை வேறு. உயர்தர வகுப்பில் சேரப் பள்ளிக்கூட அதிபரின் அறைக்குப் போய் நானே கதைக்க வேண்டியிருந்தது. கதவுவரை போய்ப் போய்த் திரும்பினேன். ஒரு நாள் கதவு பூட்டியிருந்தது. புதிதாக ஆள் சேர்ப்பது முடிந்துவிட்டது என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எல்லோரும் "ஹலோ, ஹலோ" என்பார்கள். நான் சொல்வதில்லை. விரலால் தட்டுவேன். டொக், டொக். அதிலேயே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும்.

"ஊருக்கெல்லாம் சத்தம் குடுக்கிற மனிசனுக்கு, தன்ட வாயிலதான் ஸ்விச் இல்ல," என்பாள் மலர். மலர் என் மனைவி.

நான் இருப்பது மலரின் வீட்டில்தான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு, ஆண் வந்து சேர்வான். வளவின், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள காணியின், மறுபாதி மலரின் தங்கை தர்ஷினிக்கு எழுதியிருக்கிறது. அதில் இன்னும் வீடு எழும்பவில்லை. தென்னைகளும், தார்ப்பாயால் மூடிய என் ஸ்பீக்கர் பெட்டிகளும் நிற்கின்றன. கல்யாணம் செய், வீட்டைக் கட்டு என்று மலர் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

தர்ஷினி பௌதிகம் படித்து, வெளிநாடு போய், அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். மாமியின், அதாவது அவளுடைய அம்மாவின், ஆண்டுத் திவசத்துக்கு வந்தவள். விசா பேப்பர்கள் இழுபட்டதால் முன் அறையில் மேசை போட்டு, இங்கிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள்.

நடுவில் போகிற கூட்டம்

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று ஊரில் கேட்டால் "கொம்பியூட்டர் வேலை" என்று சொல்லி முடித்துவிடுவோம். ஒரு பகல், தேத்தண்ணி கொடுக்கப் போன நான் திரையைப் பார்த்து நின்றுவிட்டேன். ஒரு நீல நிறத் திரள். தடிக்கிறது, மெலிகிறது, மறுபடி தடிக்கிறது. அட்டை நகர்கிற மாதிரி.

"இதென்ன புள்ள?"

"துகள் அத்தான். அணுவுக்குள்ள இரிக்கிற சாமான். நீளமான ஒரு குழாய்க்குள்ள விட்டு, மின்சாரத்தால தள்ளித் தள்ளி வேகமேத்துற. ஒளியின்ட வேகத்துக்குக் கிட்ட."

"இந்த மெஷின் எங்க இரிக்கி?"

"எங்கயும் இல்ல. இனித்தான் கட்டப் போறாங்க. கட்ட முன்னம் கொம்பியூட்டருக்குள்ள ஓட்டிப் பாக்கிற."

"அப்ப இப்ப ஓடுறது?"

"இல்லாத மெஷின்ல இல்லாத துகள்," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தக் கிழமைகளில் அவள் சிரித்த ஒன்றிரண்டு தடவைகளில் அது ஒன்று.

பிறகு அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன். அந்தத் துகள்களுக்கு ஒன்றை ஒன்று பிடிக்காது. நெருங்கினால் தள்ளும். காந்தங்களை வைத்து நெருக்கிப் பிடித்துக்கொண்டுதான் குழாய் நெடுகக் கொண்டு போக வேண்டும். பெரும்பாலானவை நடுவில் ஒழுங்காகப் போகும். சிலது ஓரத்துக்கு ஒதுங்கும். சின்ன மெஷின் என்றால் அதைப் பற்றிக் கவலையில்லை. இது பெரிய சக்தியுள்ள மெஷின். உள்ளே போகிற கூட்டம் அப்படி. அதில் ஒரு துளியளவு சுவரில் முட்டிக்கொண்டே இருந்தால் போதும், சுவரே கதிர்வீசத் தொடங்கிவிடும்.

"மறுகா, அதுக்குப் பிறகு, ஒரு நட்டுக் கழண்டாலும் ஸ்பேனரோட ஒரு மனிசன் கிட்டப் போகேலாது அத்தான். மாசக் கணக்கில பூட்டி வைக்கணும்."

அந்த ஸ்பேனர் எனக்குள் இறங்கிவிட்டது. துகளை நான் கண்டதில்லை. ஆனால் குழாயடியில் குனிந்து நட்டுத் தேடுகிற ஒருவனை எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் தோன்றியது. ஆள் இல்லாத மைதானத்தில் நான் சரிபார்த்து வைக்கிற சத்தம், சனம் வந்து நிறைந்ததும் வேறாகிவிடும். உடம்புகள் சத்தத்தைக் குடித்துவிடும். இத்தனை வருடம் செய்தும் நான் அதை ஒரு ஊகத்தில்தான் வைக்கிறேன். இவர்களோ இன்னும் வராத சனத்தை முன்கூட்டியே கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கிறார்கள். கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

பொய் இடியும் மெய் இடியும்

ஓட்டிப் பார்ப்பதில்தான் சிக்கல் வந்தது.

அத்தனை துகள்களையும் எந்தக் கொம்பியூட்டராலும் எண்ணிக்கொண்டு போக முடியாதாம். ஆகவே ஒரு புள்ளியை வைத்து, அது பல இலட்சம் துகள்களுக்குப் பதில் என்று கணக்கு வைப்பார்கள். குழாயின் உட்பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எவ்வளவு தள்ளு விழுகிறது என்று பார்ப்பார்கள். கட்டம் பெரிதாகவும் புள்ளி குறைவாகவும் இருந்தால் கொம்பியூட்டரே புள்ளிகளைக் கண்டபடி இடித்து ஓரத்துக்குத் தள்ளிவிடும். அது பொய் இடி. உண்மையான மெஷினில் இருக்காது.

தர்ஷினி ஓட்டியபோது ஒரு இடத்தில் புள்ளிகள் சுவரில் முட்டின. அது பொய் இடி என்றார்கள் அவளுடைய நிலையத்துப் பெரியவர்கள். இல்லை, மெய் இடிதான் என்றாள் இவள். குழாயை அந்த இடத்தில் அகலமாக்க வேண்டும் என்று, லப்டொப்பில் நடக்கிற கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் அடித்துச் சொல்லிவிட்டாள். அதனால் குழாய் வெட்டுகிற வேலையையே நிறுத்தி வைத்தார்கள். கட்டங்களைச் சிறிதாக்கி, புள்ளிகளைப் பல மடங்கு கூட்டி, நீயே மறுபடி ஓட்டிக் காட்டு என்று தவணை கொடுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் இறுதி முடிவு.

"முட்டினா நான் சொன்னது சரி," என்றாள்.

"முட்டாட்டி?"

"எல்லார்ட வேலையயும் சும்மா மறிச்சு வச்சவள் நான். அதுக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில நான் வாய் திறந்தா ஒருத்தனும் கேக்கமாட்டான். எண்ட ஒப்பந்தமும் இந்த வருசத்தோட முடியுது அத்தான்."

அந்தப் பெரிய ஓட்டத்தை எங்கள் வீட்டு லப்டொப் தாங்காது. அவளுடைய நிலையத்தில் ஒரு கட்டிடம் நிறையக் கொம்பியூட்டர்கள் இருக்கின்றன. ஆனால் அதற்கும் வரிசை. மற்றவர்களின் ஓட்டங்கள் முடிந்த பிறகுதான் இவளுடையது தொடங்கும். பெற்றோலுக்கு நாங்கள் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வரிசையில் நின்ற காலம் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வரிசையில் முன்னால் எத்தனை வாகனம் என்று எட்டிப் பார்க்கவாவது முடிந்தது. இவள் போனைத் தடவித் தடவிப் பார்த்தாள். சாப்பிடும்போதும் பார்த்தாள், கிணற்றடியிலும் பார்த்தாள். கதிரையில் உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும்.

அந்தப் படபடப்பு எனக்கும் தொற்றிவிட்டது. சுற்றி வைத்த வயரை அவிழ்த்து மறுபடி சுற்றினேன். நல்லாயிருந்த மைக்கைக் கழற்றிப் பூட்டினேன்.

"வீட்டுக்குள்ள ரெண்டு கோழி அடைக்கு இடம் தேடுற மாதிரி இரிக்கி," என்றாள் மலர்.

மலரின் நேர்த்தி

மலருக்கும் ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. அம்மன் கோயிலுக்குப் போய் வந்தவள், சோறு போடும்போது சந்தோசமாகச் சொன்னாள்.

"அம்மாளுக்கு நேர்த்தி வச்சிரிக்கன். ஒண்டும் சுவர்ல முட்டாட்டி, சடங்குக்கு மடிப்பிச்சை எடுக்கிறன் எண்டு." வீடு வீடாகப் போய்ச் சேலை மடியில் அரிசி வாங்கி, அதில் அம்மனுக்குப் பொங்குவது எங்கள் பெண்களுடைய நேர்த்திக்கடன்களில் பெரியது.

தர்ஷினியின் கை வாய்க்குக் கிட்ட நின்றுவிட்டது.

"அக்கா! முட்டணும் அக்கா! முட்டினாத்தானே நான் சரி!"

"முட்டினா மனிசருக்குக் கூடாதெண்டு நீதானகா சொன்ன?"

"ஓம்... ஆனா..."

"என்ன ஆனா? மெஷின் பழுதாப் போகட்டும் எண்டு அம்மாள்கிட்டக் கேக்கவா?"

"சரி, மாத்தி வையுங்களன்."

"வச்ச நேர்த்திய மாத்தவா? அம்மாள் என்ன, சேலைக் கடையா வச்சிரிக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. தர்ஷினியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போய், ஸ்பீக்கர் பெட்டி மேல் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டாள். அக்காவின் கேள்வி அவளைச் சுட்டிருந்தது என்று நினைக்கிறேன். தான் உண்மையில் எதை விரும்புகிறேன் என்று அதுவரை அவள் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கமாட்டாள்.

வண்ணக்கர்

கூட்டம் நடக்கும் நாளிலேயே லைன் திருத்த வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று அறிவித்தார்கள். தர்ஷினியின் லப்டொப்பில் பற்றரி செத்துக் கன காலம். வயரைக் கழற்றினால் அப்படியே அணைந்துவிடும். போன் இணைப்போ கூட்டத்துக்குத் தாங்காது. பாசிக்குடாப் பக்கம் ஹோட்டல்களில் கரண்ட் போகாது என்று மலர் சொன்னாள். யாரோ வெள்ளைக்காரர் குளித்துவிட்டு நடமாடுகிற இடத்தில் இருந்து இதைக் கதைக்க ஏலாது என்று தர்ஷினி மறுத்துவிட்டாள்.

என்னிடம் இருந்த ஜெனரேட்டர் இரண்டும் பெரியகல்லாற்றில் ஒரு அம்மன் கோயில் சடங்குக்குப் போயிருந்தன. சின்னதைப் பகலில் மட்டும் திருப்பி வாங்கலாம். அதற்குக் கோயில் வண்ணக்கரிடம் கேட்க வேண்டும். வண்ணக்கர் என்றால் கோயிலை நிர்வகிப்பவர். சடங்கு நாட்களில் அங்கே அவர் சொல்தான்.

காலையிலேயே ஓட்டோவை எடுத்தேன். வழி முழுக்க ஒத்திகை. "ஐயா, ஒரு உதவி" என்று தொடங்குவதா, "சின்ன ஜெனரேட்டர் விசயமா" என்று தொடங்குவதா? களுவாஞ்சிக்குடி தாண்டும்போது எல்லாம் பாடமாக இருந்தது. கோயில் பந்தலைக் கண்டதும் மறந்துபோனது.

வண்ணக்கர் எல்லோரையும் மருமகன் என்றே கூப்பிடுவார்.

"என்ன மருமகன், வாய்க்குள்ள வெத்திலையா? கதையுங்களன்."

"சின்ன ஜெனரேட்டர்... பகலைக்கு மட்டும்... வீட்ட..."

"வீட்டில என்ன, கல்யாணமா?"

"இல்ல ஐயா. மச்சாள் கொம்பியூட்டர்ல ஒரு மெஷின் ஓட்டினவ. இண்டைக்கு முடிவு சொல்லணும்."

"என்ன மெஷின்?"

"அது... இன்னும் இல்ல."

"எது இல்ல?"

"மெஷின். இன்னும் கட்டல்ல."

வண்ணக்கர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா! இல்லாத மெஷினுக்கு அம்மாள்ட ஜெனரேட்டர் வேணுமாம்!"

பந்தலே சிரித்தது. மற்ற நாள் என்றால் நான் அந்தச் சிரிப்புக்குள் நழுவி ஓட்டோவுக்குள் ஏறியிருப்பேன். அன்றைக்கு ஏனோ கால் அசையவில்லை.

"அதப் பிழையாக் கட்டினா, மறுகா ஒரு மனிசன் ஸ்பேனரோட கிட்டப் போகேலாது," என்றேன். "அதத்தான் அந்தப் புள்ள நித்திரையில்லாமப் பாக்குது. இண்டைக்கு அவ கதைக்காட்டி அவடத்தில கேக்க வேற ஆள் இல்ல."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சிரிப்பு நின்றது. வண்ணக்கர் என் பக்கம் திரும்பினார்.

"கொண்டு போங்க. பொழுது பட முன்னம் இஞ்ச நிக்கணும். இல்லாட்டி இண்டைக்கு மைக்கப் பிடிச்சுப் பாடுறது நீங்கதான்."

கேற்றடியில்

இப்படிக் கொண்டு வந்த ஜெனரேட்டரைத்தான் அவள் ஏன் கொண்டு வந்தீர்கள் என்று கேட்டாள்.

"ஓட்டம் முடிஞ்சிட்டு," என்றாள். "போன்லதான் பாத்தன். படம் வந்து சேர எவ்வளவு நேரம்! முட்டல்ல அத்தான். ஒண்டு கூட முட்டல்ல. அவங்க சொன்னதுதான் சரி. எண்ட கட்டம்தான் பெரிசு."

பின்னால் வந்து நின்ற மலரின் முகத்தில் ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்தது. "அம்மாள்..." என்று தொடங்கினாள்.

"அக்கா, தயவுசெய்து கதைக்காதீங்க."

மலர் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கைகள் தாமாகவே கும்பிட்டுவிட்டன.

"கரண்ட் இல்லாத நாள்," என்றாள் தர்ஷினி, என்னைப் பார்க்காமல். "மட்டக்களப்பில இரிக்கன், கரண்ட் இல்ல எண்டு ஒரு மெசேஜ். மறுகா ஆறுதலா, அவசரமில்லாம, ஒரு ஈமெயில். முடிஞ்சிது. ஒருத்தன்ட முகத்தையும் பாக்கத் தேவையில்ல."

எனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். பூட்டிய கதவைக் கண்டு நிம்மதிப்படுகிற இடம். அதில் குடியிருப்பவன் நான். அங்கே வராதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

"அப்ப இதத் திருப்பிக் கொண்டுபோய்க் குடுத்திட்டு வரட்டா?" என்று கேட்டேன். உண்மையாகவே கேட்டேன்.

அவள் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரிட்டக் கேட்டு எடுத்தீங்க?"

"வண்ணக்கரிட்ட."

"நீங்களா? வாய் திறந்தா?"

"ஓம்."

"என்னெண்டு கேட்டீங்க?"

"மெஷின் இன்னும் இல்ல எண்டுதான் சொன்னன். பந்தல்ல எல்லாரும் சிரிச்சாங்க."

"மறுகா?"

"மறுகா என்ன, நிண்டு கேட்டன். தந்தாரு."

அவள் ஒழுங்கையைப் பார்த்தாள். தலையை இரண்டு கையாலும் வாரிக் கட்டினாள். பிறகு வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள்.

"வயரத் தாங்க," என்றாள்.

சத்தம்

நீள வயர்கள் எல்லாம் கோயில் பந்தலில். இருந்த வயர் முன் அறை ஜன்னலடி வரைக்கும்தான் எட்டியது. அவளுக்குப் பக்கத்திலேயே, ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரை வைக்க வேண்டி வந்தது. இழுத்து ஸ்டார்ட் செய்ததும் வீடே அதிர்ந்தது. சவுண்ட்காரன் வீட்டில் அன்றைக்கு ஒரு மைக்கும் இல்லை.

திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. அவளுடைய முறை வந்தபோது, தர்ஷினி மேசையைப் பார்த்தபடி மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். வெள்ளைத் தலை முதியவர் ஒருவர் காதில் கையை வைத்துக் காட்டினார். கேட்கவில்லை.

மறுபடி சொன்னாள். வேறொருவர் காதைத் தொட்டார்.

நான் ஜன்னலுக்கு வெளியே நின்று, நிறுத்தட்டுமா என்று கையால் கேட்டேன். நிறுத்தினால் அவளும் அணைந்துவிடுவாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். பிறகு லப்டொப்புக்குக் கிட்டக் குனிந்து, ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி இங்கிலிசில் கத்தினாள். என் இங்கிலிசுக்கே அது விளங்கியது. நான் சொன்னது பிழை. என் கணக்குத்தான் பிழை. துகள் முட்டவில்லை. குழாய் சரி.

"ஆரோடகா சண்டை பிடிக்கிறாள்?" என்று மலர் குசினி அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். நான் வாயில் விரலை வைத்தேன்.

முதியவர் தலையசைத்தார். ஒன்றிரண்டு சொல் சொன்னார். இன்னொருவர் எதையோ குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் ஏசவில்லை. திரையில் வேறொரு படம் வந்தது. அடுத்த விசயத்துக்குப் போய்விட்டார்கள்.

தர்ஷினி கதிரையில் சாய்ந்தாள். கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. இத்தனை கிழமையாக எங்களைத் தூங்கவிடாத விசயம், ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் முடிந்துபோனது. நான் ஜெனரேட்டரின் ஸ்விச்சில் கையை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். இனி மூடிவிடுவாள், போய்ப் படுத்துக்கொள்வாள், சடங்குக்கும் வரமாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் மூடவில்லை. புதிய படத்தில் குழாய் ஒரு இடத்தில் வளைந்தது. ஒரு இளைஞன் அதை விளக்கிக்கொண்டிருந்தான். அவள் முன்னால் நகர்ந்து, கண்ணைச் சுருக்கி, அந்த வளைவைப் பார்த்தாள். மேசைக்குக் கீழே கால் மறுபடி ஆடத் தொடங்கியது. ஒரு தாளை இழுத்துப் பேனையால் ஏதோ கீறினாள். அதைக் கோடு போட்டு வெட்டினாள். மறுபடி கீறினாள்.

பிறகு கையைத் தூக்கினாள்.

விளக்கிக்கொண்டிருந்த இளைஞன் நிறுத்தினான். முதியவர் அவளுடைய பெயரைச் சொன்னார். தர்ஷினி தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை யாரும் திருப்பிக் கேட்கத் தேவையில்லாதபடி, முதல் சொல்லையே உரக்கத் தொடங்கினாள்.